கேஸ் எப்படித் ‘தீரும்’? ஒரு பழைய குளிர்பான மிஷினை வைத்துக் கொஞ்சம் விளக்கம்

“கேஸ் தீந்துபோச்சுங்ணா. ஏத்திட்டாச் சரியாப் போயிரும்.”

கோவை சரவணம்பட்டியில் ஆண்கள் விடுதி நடத்தும் என் மாமாவிடம் இதைச் சொன்ன மெக்கானிக், மிஷினைச் சுவரிலிருந்து ஒரு சாண்கூட நகர்த்திப் பார்க்கவில்லை. மூடிவிட்டுப் போன ஓர் அலுவலகத்திலிருந்து பழைய விலைக்கு வாங்கிய குளிர்பான வென்டிங் மிஷின் அது. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கேன் கடகடவென்று உருண்டு வந்து விழும். விழுவதில் ஒரு குறையும் இல்லை. வந்து விழுந்த கேன்தான் மதிய நேரத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி இருக்கும்.

மாமா 2,500 ரூபாய் கொடுத்தார். கேஸ் ஏற்றப்பட்டது. அன்று இரவு குளிர்ந்த மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் மதியம் நிலைமை முன்பைவிட மோசம். கம்ப்ரசர் ‘டிக்’கென்று நிற்பதும், ஐந்து நிமிடம் கழித்து முனகிக்கொண்டே எழுவதும், மறுபடி ‘டிக்’ என்பதுமாக இருந்தது. அழைத்தால் பதில், “இன்னும் கொஞ்சம் கேஸ் வேணும்போல இருக்குதுங்க.”

ஃப்ரிட்ஜ், ஏசி, கடை வாசல் கூலர் என்று எதில் குளிர் குறைந்தாலும் நம் வாயில் முதலில் வருவது இந்த வாக்கியம்தான். மெக்கானிக் மட்டுமல்ல, நாமும் அப்படித்தான் சொல்கிறோம். எந்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், அடுத்த முறை இதைக் கேட்கும்போது கை தானாகப் பர்ஸுக்குப் போகாது.

சமையல் கேஸும் மிஷின் கேஸும்

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல். வீட்டில் கேஸ் தீரும், ஏனென்றால் அதை எரிக்கிறோம். பெட்ரோலும் அப்படித்தான். ஐஸும் ஒரு வகையில் அப்படித்தான். சென்னைக் கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்று இன்றும் சொல்லப்படும் கட்டடம், ஃபிரடெரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி பாஸ்டனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஐஸைப் பத்திரப்படுத்த 1842இல் கட்டப்பட்டது. அந்த ஐஸ் உருகினால் உருகியதுதான், அடுத்த கப்பல் வந்தால்தான் மறுபடி குளிர்ச்சி. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு சர்பத் விற்பவருக்கும் இதே கணக்குதான். சாயங்காலத்துக்குள் அவருடைய ‘குளிர்’ தீர்ந்துவிடும்.

மிஷினுக்குள் இருக்கும் கேஸ் எரிவதில்லை, உருகி ஓடிவிடுவதும் இல்லை. அது ஒரு கிணற்று வாளி. வாளி கீழே போகிறது, தண்ணீரை மொண்டு மேலே வருகிறது, கொட்டிவிட்டு மறுபடி கீழே போகிறது. நூறு முறை இறைத்தாலும் வாளி தேய்ந்து பாதியாகிவிடாது. இங்கே கிணறு என்பது மிஷினின் உட்புறம், மொள்ளப்படும் தண்ணீர் என்பது கேன்களில் இருக்கும் வெப்பம், அதைக் கொட்டும் இடம் மிஷினுக்கு வெளியே இருக்கும் காற்று. வாளி மாதிரி வெப்பத்தைச் சுமந்து திரிகிற அந்தப் பொருளுக்குப் புத்தகங்களில் குளிரூட்டி என்று பெயர். கடைத்தெருவில் கேஸ். நானும் கேஸ் என்றே சொல்லிவிடுகிறேன், ஆனால் அடுப்பு நினைவு வரக்கூடாது.

ஆக, மிஷின் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வீட்டு ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராததற்கும் இதுதான் காரணம். முன்பக்கம் அள்ளியதைப் பின்பக்கம் அதே அறையிலேயே கொட்டும், மோட்டாரின் சூட்டையும் சேர்த்து.

ஊசி போடும் முன் தடவும் ஸ்பிரிட்

வாளி எப்படி மொள்கிறது? இதற்கு விடை நம் தோலுக்கே தெரியும். ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவுவார். அந்த இடம் மட்டும் சில்லென்றிருக்கும். பாட்டிலில் இருந்த ஸ்பிரிட் ஒன்றும் ஐஸ் அல்ல, அறையின் வெப்பத்தில்தான் இருந்தது. அது திரவமாக இருந்து ஆவியாக மாற வெப்பம் வேண்டும், அதைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. மண்பானை செய்வதும் இதே வேலை. பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சென்னைப் புழுக்கத்தில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராததும், மதுரை வெயிலில் நன்றாகக் குளிர்வதும் இதனால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாதல் மந்தமாகிவிடும்.

ஆவியாவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்ஜியம் டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 420 கிலோஜூல் போதும். ஆனால் 100 டிகிரியில் இருக்கும் அதே தண்ணீரை, சூடு ஒரு டிகிரிகூட ஏறாமல், வெறுமனே ஆவியாக மாற்றுவதற்கு மட்டும் ஏறத்தாழ 2,260 கிலோஜூல் தேவை. ஐந்து மடங்குக்கும் மேல். நிலை மாறுவதற்காக ஒரு பொருள் இப்படி விழுங்கும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். குளிர்பதன மிஷின்கள் எல்லாம் இந்தப் பேராசையை வைத்துத்தான் பிழைக்கின்றன.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் பரபரப்பான ஹோட்டலின் சமையல்கட்டுக்குப் போங்கள். பெரிய அடுப்புக்குப் பொருத்திய வணிக சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருக்கும். சில நாள் வெள்ளையாகப் பனிகூடப் படிந்திருக்கும். பக்கத்தில் தோசைக்கல் அனலாய்க் கொதிக்கும்போது சிலிண்டரில் பனியா என்றால், ஆமாம். உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் வேகவேகமாக ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தைச் சிலிண்டரின் இரும்பிலிருந்தே பிடுங்கிக்கொள்கிறது. கிட்டத்தட்ட ஒரு ஃப்ரிட்ஜின் பாதி அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதி, அதாவது ஆவியைத் திரும்பப் பிடித்துத் திரவமாக்குவது, அங்கே இல்லை. எரித்துவிடுகிறோம். அதனால்தான் அங்கே கேஸ் தீர்கிறது.

குக்கர் தெரிந்தால் கம்ப்ரசரும் தெரியும்

திரும்பப் பிடிப்பது எப்படி என்பதற்குக் குக்கரிடம் போக வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. மூடி வெயிட் போட்ட குக்கரில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கை எட்டும்போது 120 டிகிரி வரை கொதிக்காமல் தாக்குப்பிடிக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும், இறங்கினால் இறங்கும். இது தண்ணீருக்கு மட்டுமல்ல, எல்லாத் திரவங்களுக்கும் பொது.

மாமாவின் மிஷினில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் வைத்தால் சுமார் மைனஸ் 10 டிகிரியில் கொதிக்கும். 13 மடங்கு அழுத்தத்தில் வைத்தால் 50 டிகிரியில்தான் கொதிக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 13 மடங்கு அழுத்தத்தில் இருக்கும் ஆவியை 50 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்தால் அது திரவமாகிவிடும். கோவை வெயில் 36 டிகிரி என்றாலும் 50ஐவிடக் குறைவுதானே? அந்தக் காற்றே அதைக் குளிர்விக்கப் போதும்.

மிஷினின் தந்திரம் முழுவதும் இதுதான். உள்ளே அழுத்தத்தைக் குறைத்துக் கேன்களைவிடக் குளிரான இடத்தில் கேஸைக் கொதிக்க வைக்கிறது. வெளியே அழுத்தத்தை ஏற்றி வெயிலைவிடச் சூடான இடத்தில் அதைத் திரவமாக்குகிறது. வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் போகும். அதை மீற முடியாது, ஆனால் ஏமாற்றலாம்.

இதுவரை பார்த்தது: ஆவியாகும் திரவம் பக்கத்தில் இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எந்தச் சூட்டில் ஆவியாக வேண்டும் என்பதை அழுத்தத்தை வைத்து நாம் முடிவுசெய்யலாம். கேஸ் செலவாவதே இல்லை, நிலைதான் மாறிக்கொண்டிருக்கிறது.

கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது

பல கேன் மிஷின்களில் ஒரு வசதி உண்டு. குளிர்பதனப் பகுதி முழுவதும் அடியில் ஒரே தட்டாக அமைந்திருக்கும். நாலு போல்ட்டையும் ஒயர் பிளக்கையும் கழற்றினால் மேசை டிராயர் மாதிரி வெளியே இழுத்துவிடலாம். அதில் நான்கு உறுப்புகள் இருக்கும்.

கருப்புப் பானை மாதிரி உட்கார்ந்திருப்பது கம்ப்ரசர். மோட்டாரும் பம்பும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். வெளியே தெரிவது குழாய்களும் மின்னிணைப்பும் மட்டும். வேலை, ஆவியை உறிஞ்சி அழுத்தித் தள்ளுவது. அங்கிருந்து சூடான ஆவி போகும் இடம் கண்டன்சர். பைக் ரேடியேட்டர் மாதிரி மெல்லிய தகடுகள் அடுக்கிய குழாய், பக்கத்தில் ஒரு ஃபேன். இங்கேதான் வாளி கவிழ்க்கப்படுகிறது. வெப்பத்தைக் காற்றில் கொட்டிவிட்டு கேஸ் திரவமாகிறது.

அடுத்து வருவது பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் எனக்குப் பிடித்தது அதுதான். கேபிலரி என்ற தலைமுடிக் குழாய். உள்துளை ஒரு மில்லிமீட்டர் அளவுதான், நீளம் இரண்டு மூன்று மீட்டர், சுருட்டி வைத்திருப்பார்கள். அசையும் பாகம் எதுவும் இல்லை. அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு வெளியே வரும்போது திரவத்தின் அழுத்தம் சட்டென்று விழுகிறது. விழுந்ததும் கொதிக்கத் தொடங்குகிறது. கொதிக்கும் இடம் கூலிங் காயில் என்ற சுருள் குழாய், கேன்கள் இருக்கும் பக்கத்தில். இன்னொரு ஃபேன் உள்காற்றை இந்தக் காயில்மேல் ஓட்டிக் கேன்களுக்கு அனுப்புகிறது. வெப்பத்தை மொண்ட ஆவி மறுபடி கம்ப்ரசருக்கு. கேபிலரிக்கு முன்னால் விரல் தடிமனில் ஒரு செம்புக் குப்பி இருக்கும், அதன் பெயர் டிரையர். ஈரத்தையும் தூசையும் பிடித்து வைக்கும். போதும், பாகங்கள் இவ்வளவுதான்.

கால் கிலோ கணக்கு

கேஸ் தீராது என்பதை நம்பாதவருக்கு ஒரு கணக்கு. 300 மில்லி கேனை 33 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 35 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஆர்-134ஏ இந்தச் சுற்றில் ஒருமுறை கொதித்து மொள்வது சுமார் 150 கிலோஜூல். அப்படியென்றால் ஒரே ஒரு கேனுக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான கேஸ் கொதித்தாக வேண்டும். மாமாவின் மிஷினுடைய நேம் பிளேட்டில் எழுதியிருப்பது 280 கிராம்.

கேஸ் செலவாகும் பொருளாக இருந்தால், ஒரு கேன் குளிர்வதற்குள் மிஷின் ஏறக்குறைய காலியாகிவிட வேண்டும். உண்மையில் அதே 280 கிராம்தான் ராப்பகலாகச் சுற்றிச் சுற்றி ஆயிரக்கணக்கான கேன்களைக் குளிர்வித்திருக்கிறது. ஃபேக்டரியில் ஏற்றிய கேஸ் இருபது வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் ஃப்ரிட்ஜுகள் நம் வீடுகளிலேயே உண்டு.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். கார் ஏசியில் கேஸ் குறையும். அங்கே கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட் சுழற்றுகிறது, அதனால் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சீல் தேவை. குழாய்களில் ரப்பரும் உண்டு. வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசியும். அங்கேகூட நடப்பது கசிவுதான், தீர்தல் அல்ல. அந்த அனுபவத்தை அப்படியே வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் வென்டிங் மிஷினுக்கும் கொண்டுவந்து பொருத்திவிட்டோம் என்று நினைக்கிறேன்.

சுருக்கமாக: கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டை இல்லையென்றால் கேஸ் குறையவில்லை. ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது, ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது. ஓட்டையே இல்லாத மிஷினில் ஏற்றுவது அதைவிட மோசம், மாமாவுக்கு நடந்தது அதுதான்.

பெரியவர் வந்து கையை வைத்த இடம்

இரண்டாவதாக வந்தவர் வயதான மெக்கானிக். அழுத்தம் பார்க்கும் கேஜை வெளியே எடுக்கவே இல்லை. மிஷினுக்குப் பின்னால் கையை விட்டுக் காற்று வருகிறதா என்று பார்த்தார். டார்ச் கேட்டார். தட்டை வெளியே இழுத்தார். கண்டன்சரின் முகத்தில் தகடுகளே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி விரித்த மாதிரி தூசும் பஞ்சும் படிந்து, ஓரத்தில் விரலால் பிடித்து இழுத்ததும் ஒரே பாளமாகப் பிய்ந்து வந்தது. அதற்குள் முடி, கரப்பான் இறகு, ஒரு ரூபாய் நாணயம், யாரோ தவறவிட்ட அடையாள அட்டையின் கயிறு.

“மொதல்ல இத மூச்சு உட உடுங்க சாமி. வாயப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்?”

இப்போது நமக்கு இதன் காரணம் தெரியும். காற்று போகாவிட்டால் வெப்பத்தைக் கொட்ட முடியாது. கொட்ட முடியாத கேஸ் 50 டிகிரியில் திரவமாகாமல் 60, 65 என்று ஏறும். 65 டிகிரி என்றால் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 19 மடங்கு. அவ்வளவு அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளிக் கம்ப்ரசர் கொதித்துப் போகும். அதன் தலையில் ஓவர்லோடு என்ற சின்னப் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கிறது, சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும். அந்த ‘டிக்’ சத்தம் அதுதான். இந்த நிலையில் முதல் மெக்கானிக் கூடுதலாகக் கேஸ் ஏற்றியது, மூச்சுத் திணறுகிறவன் முதுகில் மூட்டையை வைத்த கதை. இரவில் குளிர்ந்த மாதிரி இருந்ததும் கேஸால் அல்ல. இரவுக் காற்று குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

கேஸ் அதிகமாகிவிட்டது என்பதற்கு இன்னோர் அடையாளத்தையும் பெரியவர் காட்டினார். கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் குழாய் கம்ப்ரசரைத் தொடும் இடம் வரை வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. காயிலிலேயே முழுதாகக் கொதித்து முடிக்க வேண்டிய கேஸ், அளவு மிஞ்சியதால் பாதி திரவமாகவே வெளியே வருகிறது என்று அர்த்தம். கம்ப்ரசர் ஆவியை அழுத்தும், திரவத்தை அழுத்தாது. தொடர்ந்து திரவம் போனால் உள்ளே வால்வு உடையும்.

சரி, தூசு இல்லையென்றால் வேறு எதைப் பார்ப்பது? முதலில் இரண்டு ஃபேன்கள். உள் ஃபேன் நின்றுவிட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். காயில் ஐஸ் கட்டியாக உறைந்திருக்கும், கேன் சூடாக இருக்கும். கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, குளிரைக் கேன்வரை கொண்டுசேர்க்க ஆளில்லை. அப்புறம் கதவின் ரப்பர் பீடிங். கதவுக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே வெளிக்காற்று நுழைகிறது. அதன் ஈரம் காயிலில் பனியாகப் படியும். பனி பார்க்கக் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் காயிலுக்குக் கம்பளிதான், வெப்பத்தை உள்ளே விடாது. மிஷினை அணைத்து, கதவைத் திறந்து வைத்து, தானாக உருக விட வேண்டும். கரண்டி, ஸ்க்ரூடிரைவர் எதையும் வைத்துக் குத்தக் கூடாது. வீட்டு ஃப்ரீசரில் ஐஸைக் கத்தியால் பெயர்க்கப்போய் அலுமினியக் குழாயில் ஓட்டை போட்டவர்கள் நிறைய. மெக்கானிக் சொல்லாமலேயே நிஜமாகக் கேஸ் போகும் வழி அது.

கம்ப்ரசர் எழவே மாட்டேன் என்கிறதா? உடனே கம்ப்ரசர் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ரிலே, மோட்டாரை முதல் நொடியில் தூக்கிவிடும் துணை. சில வகை ரிலேயைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் உள்ளே உடைந்த துண்டு கலகலக்கும். சில நூறு ரூபாய்ச் சாமான். குறைந்த மின்னழுத்தமும் இதே அறிகுறியைக் காட்டும். கரண்ட் போய் உடனே வந்தாலும் கம்ப்ரசர் திணறும், ஏனென்றால் இருபக்க அழுத்தமும் கேபிலரி வழியாகச் சமமாவதற்கு மூன்று நான்கு நிமிடம் வேண்டும். மின்பகுதியைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். கெபாசிட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம், பழகியவரிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இது பழுதே அல்ல. 300 கேனை ஒரே சமயத்தில் வெயிலிலிருந்து கொண்டுவந்து அடுக்கிவிட்டு இரண்டு மணி நேரத்தில் குளிரவில்லை என்று புலம்பக் கூடாது. மேலே சொன்ன கணக்கின்படி பத்தாயிரம் கிலோஜூலுக்கு மேல் வெளியேற்ற வேண்டும். ஓர் இரவாவது கொடுங்கள்.

நிஜமாகவே கசிந்திருந்தால்

அதுவும் நடக்கும். அடையாளம், காயிலின் ஆரம்பத்தில் மட்டும் கொஞ்சம் பனி, மீதி வெறுமனே. கண்டன்சர் சுத்தமாக இருந்தும் சூடாவதே இல்லை. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும்.

அப்போது தேட வேண்டியது எண்ணெய். கம்ப்ரசரின் எண்ணெய் கொஞ்சம் கேஸோடு சேர்ந்தே சுற்றும், அதனால் கேஸ் வெளியேறும் இடத்தில் பிசுக்கும் ஒட்டும். குழாய் இணைப்பில் ஈரமாக, தூசு அப்பிய கறுப்புத் திட்டு தெரிந்தால் அங்கே சோப்பு நுரையை வைத்துப் பார்ப்பார்கள், குமிழி வந்தால் ஓட்டை அதுதான். எதுவும் தெரியாவிட்டால் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றித் தேடுவார்கள். ஓட்டையைப் பற்றவைத்து அடைத்த பிறகு டிரையரை மாற்ற வேண்டும். குழாயைத் திறந்துவிட்டாலே ஈரக்காற்று உள்ளே போயிருக்கும், பழைய டிரையருக்கு அதைக் குடிக்கத் திராணி இருக்காது.

அடுத்த வேலைதான் பெரும்பாலும் தட்டிக்கழிக்கப்படுவது, வேக்கம் போடுவது, அதாவது பம்ப் வைத்துக் குழாய்க்குள் இருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்குவது. காற்றை வெளியேற்ற என்று சொல்வார்கள், அது பாதிதான். குக்கரை நினைத்துப் பாருங்கள். இது அதற்கு நேர் எதிர். அழுத்தத்தைக் காற்றழுத்தத்தின் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கினால் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்துவிடும். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகிப் பம்ப் வழியாக வெளியேறுகிறது. இதற்கு நேரம் பிடிக்கும், ஐந்து நிமிடத்தில் முடியாது. அவசரப்பட்டால், மிச்சமிருக்கும் ஒரு துளி நீர் கேபிலரியின் வாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். காலையில் குளிரும், மதியம் நிற்கும், அணைத்து வைத்தால் ஐஸ் உருகி மறுபடி கொஞ்ச நேரம் குளிரும். இந்த ஆட்டம் காட்டும் மிஷினுக்கு ‘இன்னும் கொஞ்சம் கேஸ்’ ஏற்றியவர்கள் பல பேர்.

கடைசியாகக் கேஸ். தராசில் சிலிண்டரை வைத்து, நேம் பிளேட்டில் எழுதிய கிராம் அளவுக்கு ஏற்ற வேண்டும். கேபிலரி மிஷின்களுக்கு மிச்சமும் ஆகாது, குறையும் ஆகாது. எழுதிய வகையைத் தவிர வேறு கேஸையும் ஏற்றக் கூடாது. சில புதிய மிஷின்களில் வரும் ஆர்-290 என்பது புரோப்பேன், ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். இரண்டும் நன்றாகக் குளிர்விக்கும், இரண்டும் தீப்பிடிக்கும். அதற்கென்று வடிவமைத்த மிஷினில் பாதுகாப்புகள் இருக்கும். ஆர்-134ஏ மிஷினில் அவற்றை ஏற்றினால், பொறி பறக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் சமையல் கேஸை வைத்த மாதிரிதான். இப்போது அடுப்பு நினைவு வரலாம்.

பழைய கேஸை அப்படியே காற்றில் திறந்துவிடுவதும் சரியல்ல. புவியைச் சூடாக்குவதில் ஆர்-134ஏ கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. 280 கிராமை விட்டால் 350 கிலோவுக்கும் மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். அதற்கு முன்பிருந்த ஆர்-12 ஓசோன் படலத்தையே அரித்ததால், 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக ஒழிக்கப்பட்டது. மிகப் பழைய மிஷினின் நேம் பிளேட்டில் ஆர்-12 என்று எழுதியிருந்தால் அதில் ஆர்-134ஏவை அப்படியே ஏற்றவும் முடியாது, கம்ப்ரசர் எண்ணெயே வேறு.

பழைய மிஷின் வாங்கப் போகிறவருக்கு

படுக்க வைத்து வண்டியில் ஏற்றி வந்திருந்தால் இறக்கியதும் பிளக்கைச் செருகாதீர்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுவிடுங்கள். வாங்கும் இடத்திலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கண்டன்சர் பக்கம் சூடான காற்று வர வேண்டும், உள்ளே காயில் முழுக்க ஒரே சீராகக் குளிர வேண்டும். கம்ப்ரசரில் ஒட்டவைத்த குழாய் முனையில் புதிதாகப் பற்றவைத்த தழும்போ கேஸ் ஏற்றுவதற்கான சார்ஜிங் வால்வோ இருந்தால் யாரோ ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். “கேஸ் தீந்துபோச்சுன்னு ஏத்துனாங்க” என்று பதில் வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

மாமாவின் மிஷினைப் பெரியவர் முழுதாகத்தான் சரிசெய்தார். பிரஷ்ஷும் புளோயரும் வைத்துக் கண்டன்சரைச் சுத்தம் செய்தார். முன்னவர் அளவு தெரியாமல் ஏற்றியதை ஒரு காலி சிலிண்டரில் பிடித்துக்கொண்டார். புது டிரையர், முக்கால் மணி நேர வேக்கம், தராசு, 280 கிராம். மிஷினைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். மறுநாள் காலை கேனைத் திறந்து தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 4 டிகிரி.

போவதற்கு முன் காதில் செருகியிருந்த மார்க்கரை எடுத்துத் தட்டின் ஓரத்தில் தேதியையும் ‘134ஏ, 280 கி.’ என்பதையும் எழுதினார். அதற்குக் கீழே மாமா தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார், மாதம் ஒருமுறை தூசு தட்டிய தேதிகள். போன வாரம் பார்த்தபோது அந்த வரி நீண்டு மடங்கி இரண்டாவது வரிக்கு வந்திருந்தது.